ஜெபத்தில் விட்டுப்போன வரி

என் வலது கை மணிக்கட்டோடு போனது ஸ்டோரில். தேயிலைத் தொழிற்சாலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். வட்டவளை ரயில் பாதையிலிருந்து நன்றாக மேலே ஏறிப் போக வேண்டிய தோட்டம் எங்களுடையது. இலங்கை சுதந்திரம் வாங்கி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. எனக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தையும் இருந்தது.

வாடிய கொழுந்தை அரைத்துச் சுருட்டுகிற பெரிய வட்ட இயந்திரத்தை ரோலர் என்போம். அதில்தான் எனக்கு வேலை. என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், அதே ரோலருக்குப் பெல்ட் போடுகிறவர். அவர் கைப்பிடியைத் தள்ளினால் பெல்ட் நகர்ந்து ரோலர் ஓடும். இழுத்தால் நிற்கும். ரோலரின் அடியில் ஒரு சின்னக் கதவு உண்டு. ஈரம் அதிகமான நாட்களில் அரைத்த கொழுந்து அங்கே அடைத்துக்கொள்ளும். அப்போது ரோலரை நிறுத்திவிட்டுக் கையை விட்டுத் தோண்ட வேண்டும். தோண்டி முடிந்ததும் பெல்ட்காரர் "விடவா?" என்று கேட்பார். "விடுங்க" என்று பதில் வந்த பிறகுதான் கைப்பிடியைத் தள்ளுவார். இப்படி ஒரு சட்டம் எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. எல்லாரும் அப்படித்தான் செய்தோம்.

அன்றைக்கு அவர் கேட்கவில்லை.

ஒரு தடவை நிமிர்ந்து முதுகை நீட்டிக்கொண்டு மறுபடியும் குனிந்தேன். உள்ளே ஒரு கட்டி மிச்சமிருந்தது. விரல் அதைத் தொட்ட நேரத்தில் ரோலர் சுற்றியது. மற்றதை எழுத வேண்டியதில்லை. கொழுந்து லொறியிலேயே என்னைக் கீழே கொண்டுபோனார்கள். பெரியாஸ்பத்திரியில் கண் விழித்தபோது கை இருந்த இடத்தில் கட்டு மட்டும் இருந்தது.

நான் அங்கே கிடந்தபோதே தோட்டத்து ஆபீசில் விசாரணை முடிந்துவிட்டது. தோட்டத்து மேனேஜரான பெரிய துரை கேட்டதற்கு மச்சான், "விடவான்னு கேட்டேன். விடுங்கன்னு சத்தம் வந்துச்சு. அதுக்கப்புறந்தான் விட்டேன்" என்று சொன்னாராம். அந்த இரைச்சலில் வேறு யாருக்கும் எதுவும் கேட்டிருக்க வழியில்லை. கவனக்குறைவு என்னுடையது என்று முடிவானது. துரை நல்லவர். என்னைத் தோட்டத்தைவிட்டு அனுப்பவில்லை. தபால் பையைத் தூக்கிக்கொண்டு தினமும் வட்டவளைத் தபால் கந்தோருக்குப் போய்வருகிற வேலையைக் கொடுத்தார்.

இடது கையால் வாழப் பழகுவது பெரிய வேலையாக இருந்தது. சட்டைப் பொத்தானை மனைவி போட்டுவிட்டாள். முதலில் சில மாதம் சோற்றையும் அவள்தான் ஊட்டினாள். பிறகு நானே இடது கையால் சாப்பிடத் தொடங்கினேன். வீட்டில் அது பழகிப்போனது. ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து இடது கையை இலையில் வைத்தேன். பக்கத்தில் இருந்தவர் தன் இலையைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். அதன் பிறகு எந்த விசேஷத்துக்கும் நான் போகவில்லை.

கையில்லாததைவிடப் பெரிய தொந்தரவு வேறொன்று. இல்லாத கை வலித்தது. சும்மா வலி இல்லை. விரல்கள் எல்லாம் மடங்கி, கட்டைவிரல் உள்ளே மாட்டிக்கொண்டு, நகங்கள் உள்ளங்கையில் குத்துவது போல இருக்கும். விரலைப் பிரித்துவிட்டால் போதும், வலி போய்விடும் என்று தோன்றும். பிரிக்க விரல்தான் இல்லை. மழைக்காலத்தில் அது இன்னும் மோசம். வட்டவளையில் எந்தக் காலம் மழைக்காலம் இல்லை?

தோட்டத்து மருந்துக் காம்பராவில் இருந்த டிஸ்பென்சர் ஐயா ஆறிய இடத்தை அழுத்திப் பார்த்தார். "காயம் நல்லா ஆறியிருக்கு. இல்லாத கைக்கு நான் எங்கே மருந்து போட?" என்று வெள்ளை மாத்திரை கொடுத்து அனுப்பினார். லயத்தில், அதாவது எங்கள் வரிசை வீடுகளில், பக்கத்துக் காம்பராக்காரர், "வெட்டுன கைய எங்க பொதைச்சாங்கன்னு கேட்டீங்களா? சரியாப் பொதைக்காட்டி இப்பிடித்தான் செய்யும்" என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. எனக்கும் அந்தச் சந்தேகம் கொஞ்ச நாள் இருந்தது.

மச்சான் வீட்டோடு பேச்சை நிறுத்திவிட்டேன். மேட்டு லயத்தில் அவர்கள், பள்ளத்து லயத்தில் நாங்கள். அவர் கேட்கவே இல்லை என்று மனைவியிடம் சொல்லி, அவளையும் அங்கே போகக்கூடாது என்றேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது அண்ணியைப் பார்ப்பாள், இரண்டு வார்த்தை பேசுவாள். அது எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.

எங்கள் தோட்டத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் கொஞ்சம்தான். திருச்சிப் பக்கத்திலிருந்து வரும்போதே என் தகப்பனார் ஞானஸ்நானம் வாங்கியவர். இரண்டு தோட்டங்களுக்கு நடுவே தகரம் போட்ட சின்னக் கோயில் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் உபதேசியார் ஆராதனை நடத்துவார். திருவிருந்து கொடுப்பதற்குச் சில மாதத்துக்கு ஒருமுறை அட்டனிலிருந்து போதகர் வருவார். நானும் மச்சானும் ஒரே கோயிலுக்குத்தான் போக வேண்டும். அவர் முன்பெஞ்சில், நான் பின்னால்.

ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தைப் பேசத் தெரிந்த நாளிலிருந்து சொல்லிவந்தவன் நான். அதில், நாங்கள் பிறரை மன்னிப்பது போல எங்களையும் மன்னியும் என்று கேட்கிற இடம் வரும். கை போன பிறகு அந்த இடத்தில் என் வாய் தானாக மூடிக்கொண்டது. சொன்னால் பொய்யாகிவிடும் என்று நினைத்தேன். அந்த வரி போனதும் மற்றவர்களோடு சேர்ந்துகொள்வேன். திருவிருந்துக்கும் எழுந்து போவதில்லை.

ஒருமுறை போதகர் ஆராதனை முடிந்து வெளியே என்னை நிறுத்திக் கேட்டார்.

"ஏன் முன்னால வர்றதில்ல?"

"கை இல்லீங்க ஐயா."

"இன்னொரு கை இருக்கே."

வலது சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"சரி, வரணும்னு தோணுறப்ப வாங்க" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அவர் இன்னும் இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் கோயிலுக்கு வருவதையே நிறுத்தியிருப்பேன்.

இப்படிச் சில வருஷங்கள் போயின. மகள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் முழுக்க மழை கொட்டி, பாதையில் ஓடைகள் பெருகியிருந்தன. காலையில் மழை விட்டாலும் கோயிலுக்கு ஆள் வரவில்லை. உபதேசியார், வயதான இரண்டு பெண்கள், நாங்கள் மூன்று பேர், முன்பெஞ்சில் மச்சான். அவ்வளவுதான். கூட்டம் இருந்தால் குரல்கள் கலந்துவிடும். அன்றைக்கு ஒவ்வொரு குரலும் தனித்தனியாகக் கேட்டது. மச்சானுக்குக் கனத்த குரல். ஜெபத்தில் அந்த இடம் வந்தது. வழக்கம்போல நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு முன்னால் கனத்த குரலும் நின்றது. உபதேசியாரும் பெண்களும் மட்டும் அந்த வரியைச் சொன்னார்கள். அடுத்த வரியில் அவர் குரல் மறுபடியும் சேர்ந்துகொண்டது.

இருமல் வந்திருக்கும் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு காதை அங்கேயே வைத்திருந்தேன். அன்றைக்கும் அவர் சொல்லவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது மனைவியிடம் சொன்னேன். "ஒங்கண்ணன் மன்னிப்புக் கேக்குற எடத்துல வாயே தொறக்கல, கவனிச்சியா?"

அவள் நடையை நிறுத்தவில்லை. "நீங்களுந்தான் தொறக்கல. ரெண்டு பேரையும் நான் ரொம்ப நாளாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."



உண்மையைச் சொன்னால் முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தன் தப்பு அவருக்குத் தெரிந்திருக்கிறது, அது அவரைக் குத்துகிறது என்று நினைக்க நினைக்க இனித்தது. கொஞ்ச நாள் அந்த நினைப்போடு தபால் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். வலி மட்டும் குறையவில்லை. பிறகு அந்த இனிப்பும் போய்விட்டது. நான் மன்னிக்க மாட்டேன் என்று நிற்கிறேன். அவர் கேட்க முடியாமல் நிற்கிறார். வாரா வாரம் ஒரே கூரைக்குக் கீழே இப்படி நின்றுவிட்டு வீட்டுக்குப் போகிறோம். அவர் பங்கை நான் செய்ய முடியாது. என் பங்கை நான் செய்யலாம்.

பாதையில் ஆள் இல்லாத இடத்தில் அந்த வரியை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை பாதியில் நின்றது. மறுநாளும் சொன்னேன். மனசில்லாமல்தான் சொன்னேன். மனசில்லாமல் சொல்கிறேன் என்பதையும் ஆண்டவரிடம் சொன்னேன். இப்படிப் பல நாள். எந்த நாளில் அது மனசோடு வந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை மேட்டு லயத்துக்கு ஏறிப் போனேன். மச்சான் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கோடாலியைக் கீழே வைத்தார்.

"மச்சான், ஒண்ணு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். கை போன விசயத்துல ஒங்க மேல இருந்த கோவத்த விட்டுட்டேன். ஆண்டவர் சாச்சியா மன்னிச்சிட்டேன். நீங்க எதுவும் சொல்ல வேணாம்."

அவர் முகம் சிவந்துவிட்டது. "நான் என்னா தப்பு பண்ணேன், நீ மன்னிக்கிறதுக்கு? நான் கேட்டேன். நீதான் விடுங்கன்னே."

"சரி மச்சான்."

"சரின்னா என்னா அர்த்தம்? நான் பொய் சொல்றேங்கிறியா?"

"அதப் பத்திப் பேச நான் வரல."

"அப்ப எதுக்கு வந்தே? நாலு பேருக்கு முன்னால என்னையக் குத்தவாளி ஆக்கவா?"

அடுத்த காம்பராக்களில் தலைகள் எட்டிப் பார்த்தன. அவர் மனைவி வெளியே வந்து, "வீடு தேடி வந்த மனுசன உக்காரச் சொல்லுங்க" என்றார். மச்சான் கோடாலியை எடுத்து மறுபடியும் விறகைப் பிளக்க ஆரம்பித்தார். நான் இறங்கி வந்துவிட்டேன்.

அவமானமாக இருந்தது. வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"என்னா சொன்னாரு?" என்று மனைவி கேட்டாள்.

"திட்டுனாரு."

"குடுத்தது குடுத்ததுதானே? திருப்பி வாங்கிக்கிட்டா வந்தீங்க?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்ல" என்றேன்.

"அப்பச் சாப்பிடுங்க" என்று தட்டை வைத்தாள்.

அடுத்த தடவை போதகர் வந்தபோது எழுந்து முன்னால் போய் முழங்காலிட்டேன். இடது கையை நீட்டி அப்பத்தை வாங்கினேன். போதகர் என்னை யார் என்று தெரியாதவர் போலக் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் போனார். மச்சான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வரவில்லை. மன்னித்துவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கே நம்பிக்கை வந்தது.

வலி ஒரே நாளில் போகவில்லை. ஒரு காலையில் வட்டவளைக்கு இறங்கிக்கொண்டிருந்தபோது, இல்லாத கையின் கட்டைவிரல் உள்ளே இல்லை, வெளியே இருக்கிறது என்று தோன்றியது. பாதையில் நின்றுவிட்டேன். அதன் பிறகு மெல்ல மெல்ல மற்ற விரல்களும் தளர்ந்தன. குளிரில் எப்போதாவது சுருக்கென்று இழுக்கும், அவ்வளவுதான். ராத்திரி முழுக்கத் தூங்கி, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஆள் கூப்பிடும் தப்பு மேளச் சத்தத்தில் எழுந்த நாட்கள் வந்தன. டிஸ்பென்சர் ஐயாவிடம் சொன்னேன். நாளானால் நரம்பு அடங்கும் என்றார். இருக்கலாம். இத்தனை வருஷம் அடங்காத நரம்பு அந்த மாதத்தில் ஏன் அடங்கியது என்று நான் அவரிடம் கேட்கவில்லை. என்னைக் கேட்டால் ஆண்டவர் குணமாக்கினார் என்றுதான் சொல்வேன்.

ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, வட்டவளைக் கடைத்தெருவில் மச்சானைப் பார்த்தேன். கூப்பன் அரிசி வாங்க வந்திருந்தார். மழை பிடித்துக்கொண்டது. வழக்கமாக நான் ஒதுங்குகிற, நானா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் வியாபாரியின் கடைக்குள் அவரும் வந்து பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார். நானா இரண்டு பிளேன்டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தார். பிறகு மூட்டையை அடுக்க வேண்டும் என்று உள்ளே போய்விட்டார்.

"மாப்ள, நான் அன்னைக்குக் கேக்கல" என்றார் மச்சான்.

நான் டீயைக் கீழே வைத்தேன்.

"நீ நிமிந்தே, நான் பாத்தேன். வேல முடிஞ்சுச்சுன்னு நெனச்சேன். மேல இருந்து டீமேக்கர் கத்திக்கிட்டு இருந்தாரு. தள்ளிட்டேன். நீ திருப்பியும் குனிஞ்சது எனக்குத் தெரியாது. ஆபீசுல கேட்டப்ப கேட்டேன்னு வாய்ல வந்துருச்சு. பத்துச்சீட்டக் குடுத்துத் தோட்டத்த விட்டே வெரட்டிருவாங்கன்னு பயம். புள்ளைங்கள வச்சுக்கிட்டு எங்க போவேன்? அப்புறம் சொல்லலாம் சொல்லலாம்னு பாத்தேன். நாளாக நாளாக இன்னும் முடியாமப் போச்சு."

டீயைத் தொடாமல் தள்ளி வைத்தார். "நீ கோவமா இருந்த வரைக்கும் எனக்குச் சௌகரியமா இருந்துச்சு. நீ வந்து மன்னிச்சிட்டேன்னு சொன்ன பெறகுதான் எனக்குத் தூக்கம் போச்சு. என்னைய மன்னிச்சிரு மாப்ள."

அதைக் கேட்டதும் நெஞ்சு குளிர்ந்திருக்க வேண்டும். எனக்கோ கோபம் பொங்கியது. நான் விட்டுவிட்டேன் என்று நினைத்த கோபம் அத்தனையும் திரும்பி வந்தது. எழுந்து கடை வாசலுக்குப் போய்த் தூவானம் முகத்தில் அடிக்க நின்றேன். மன்னிப்பு ஒரு தடவை செய்து முடிக்கிற வேலை என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பாதையில் சொல்லிப் பழகிய வரியை அங்கேயும் மனசுக்குள் சொன்னேன். பிறகு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மன்னிச்சாச்சு மச்சான். டீ ஆறுது, குடிங்க."

மேலே ஏறும்போது தபால் பையை என் தோளிலிருந்து எடுத்துத் தன் அரிசி மூட்டையோடு சேர்த்து அவரே தூக்கிக்கொண்டு வந்தார். மறுநாள் ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கரிடமும் போய் உண்மையைச் சொல்லியிருக்கிறார். பழைய துரை சீமைக்குப் போய்விட்டார், இனி இதைக் கிளப்பாதே என்று டீமேக்கர் அனுப்பிவிட்டார். கடைசியாக, தங்கையிடம் சொல்ல வேண்டும் என்று எங்கள் வீட்டுக்கு வந்தார்.

இத்தோடு எல்லாம் முடிந்துவிடும் என்று நான் நினைத்தேன். என் மனைவி கேட்டுக்கொண்டே நின்றாள். அவர் சொல்லி முடித்ததும் அவள் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"நீங்க கேக்காமத் தள்ளுனது எனக்குப் பெருசில்லண்ணே. அது எல்லாருக்கும் நடக்கும். எங்கண்ணன் பொய் சொல்ல மாட்டாருன்னு நான் இந்த மனுசன நம்பாம இருந்தேனே. இவரு பொய் சொல்றாருன்னு நெனச்சுக்கிட்டே இவருக்குச் சோறு ஊட்டுனேனே. அதுக்கு என்னா சொல்றீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். நான் அவளிடம் கேட்டேன். "ரெண்டு பேரும் வாயத் தொறக்கலன்னு நீதானே சொன்னே? அப்பவே ஒனக்குத் தெரியாதா?"

"நீங்க வீணாப் பழி போட்டீங்கன்னு அவருக்கு ஒங்க மேல கோவம், அதான் அவரும் அந்த வரியச் சொல்லலன்னு நெனச்சேன்" என்றாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவள் என்னை நம்பவில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிய வந்தது. வருத்தமாக இருந்தது. நம்பாமலேயே இத்தனை வருஷம் எனக்குப் பொத்தான் போட்டுவிட்டிருக்கிறாள் என்றும் நினைத்துக்கொண்டேன். அவளை மன்னிப்பதற்கு எனக்கு நாள் எடுக்கவில்லை.

அவளுக்குத்தான் நாள் எடுத்தது. அண்ணனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோயிலில் அந்த வரி வரும்போது இப்போது அவள் வாய் மூடியிருந்தது. மச்சானின் கனத்த குரல் முன்னால் தெளிவாகக் கேட்டது. நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. அவள் என்னை அவசரப்படுத்தியதில்லை.

உயிர்த்தெழுந்த பண்டிகைக்குக் கொஞ்சம் முன்னால் மச்சானின் மனைவி காய்ச்சல் கண்டு படுத்துவிட்டார். பீலிக்கரையில் அதைக் கேள்விப்பட்டு என் மனைவி கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு மேட்டு லயத்துக்குப் போனாள். அங்கே அண்ணனும் தங்கையும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை. திரும்பி வந்து, "அண்ணி எந்திரிச்சதும் நம்மள ஒரு நாளைக்குச் சாப்பிட வரச் சொன்னாங்க" என்று மட்டும் சொன்னாள்.

பண்டிகை முடிந்த வாரத்தில் போனோம். மரவள்ளிக்கிழங்கும் கருவாட்டுக் குழம்பும் வைத்திருந்தார்கள். பழைய விஷயத்தை யாரும் எடுக்கவில்லை. மச்சானின் மூத்த மகன் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் மின்சார வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அங்கே போக ஆசைப்பட்டான். அங்கே யாரையும் தெரியாது என்று மச்சான் கவலைப்பட்டார். தபால் கந்தோரில் இருந்த சிங்கள எழுத்தர் எனக்கு நல்ல பழக்கம். அவருடைய தம்பி அங்கேதான் வேலை செய்தார்.

"நாளைக்கே அவருக்கிட்ட சொல்லிப் பாக்குறேன் மச்சான்" என்றேன்.

"சொல்லு மாப்ள" என்றார்.